வடசென்னையிலிருந்து அருவிக்கு: தடாவா, கைலாசகோனாவா, தலகோனாவா?

அருவிக் குளியல் என்று பேச்செடுத்தாலே குற்றாலம், ஒகேனக்கல் என்று தெற்கையும் மேற்கையும் பார்த்துத்தான் பழக்கம். ஆனால் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, மாதவரம், எண்ணூர் பக்கம் இருப்பவர்களுக்குப் பக்கத்து அருவிகள் எல்லாம் வடமேற்கில், ஆந்திர எல்லையை ஒட்டிய மலைகளில் இருக்கின்றன. தாம்பரத்துக்காரர் நகரத்தைக் குறுக்கே கடந்து மாதவரம் வந்து சேர்வதற்குள் நாம் ஊத்துக்கோட்டையில் டீ குடித்துக்கொண்டிருக்கலாம். இந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளாமல் 600 கிலோமீட்டர் தாண்டிப் போய், ஐந்தருவியில் இரண்டு நிமிடம் தலை நனைப்பதற்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

எந்த அருவி என்று முடிவு செய்வதற்கு முன்னால் எந்த மாதம் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான பயணங்கள் இங்கேதான் கோட்டை விடுகின்றன. குற்றாலத்துக்குத் தண்ணீர் கொடுப்பது தென்மேற்குப் பருவமழை. ஒகேனக்கல்லுக்கு வரும் காவிரி வெள்ளமும் குடகு, கேரள மலைகளில் ஜூன் முதல் பெய்யும் அதே மழைதான். நம் பக்கத்து மலைகளுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையே பெரிய வரவு. ஆகவே கோடை விடுமுறையில் தடா போய் இறங்கினால் பாறையும் பாசி படிந்த குட்டையும்தான் மிஞ்சும். நவம்பர் கடைசி வாரத்தில் இருந்து ஜனவரி முடியும் வரைதான் இந்த மலைகள் முழு அழகில் இருக்கும். அதிலும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கொட்டித் தீர்த்த மறுநாளே ஓடக்கூடாது. மழை விட்டு மூன்று நாள் ஆகட்டும். கலங்கல் தெளிந்து, ஓடையின் வேகம் தணிந்து, அருவியில் மட்டும் தண்ணீர் குறையாமல் இருக்கும் அந்த ஒரு வாரம்தான் சரியான வாரம்.

தடா: கால் பலம் உள்ளவர்களுக்கு

நாம் தடா அருவி என்று சொல்வதற்கு அங்கே பெயர் உப்பலமடுகு. சித்துலய்யகோனா என்றும் சொல்வார்கள். தெலுங்கில் மடுகு என்பது நம் தமிழ் மடுதான், அதாவது ஆழமான நீர்நிலை. பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது.

மாதவரத்தில் இருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். கல்கத்தா நெடுஞ்சாலையில் செங்குன்றம், காரனோடை, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் தாண்டித் தடாவில் காளஹஸ்தி சாலைக்குத் திரும்ப வேண்டும். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையைக் கடந்தால் வரதய்யபாளையம். அதைத் தாண்டி மலைப்பக்கம் பிரியும் கிளைச்சாலை வனத்துறை கேட்டில் கொண்டுபோய் விடும். திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்கள் செங்குன்றத்துக்குச் சுற்றிப் போக வேண்டாம். மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் போய்ப் பஞ்செட்டியில் நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம். ஒரே தொல்லை, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். மணலி, எண்ணூர்ச் சாலைகளை விடியற்காலை ஐந்தரைக்குள் கடந்துவிட வேண்டும். ஏழு மணிக்கு மேல் மாட்டிக்கொண்டால் மீஞ்சூர் போய்ச் சேரவே ஒரு மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும்.

ரயிலிலும் போகலாம். சூலூர்பேட்டை வரை போகும் வண்டிகள் கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் வழியாகத்தான் போகின்றன, தடாவில் நிற்கும். ஆனால் அந்தத் தடத்தில் பெரும்பாலான வண்டிகள் கும்மிடிப்பூண்டியோடு திரும்பிவிடும். சூலூர்பேட்டை வண்டி எது என்று முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தடா ஸ்டேஷனில் இருந்து வரதய்யபாளையம் வரை ஷேர் ஆட்டோ. அதற்கு மேல் தனி ஆட்டோ பேசும்போது, திரும்பி அழைத்துப்போக எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். மாலையில் காட்டு வாசலில் ஆட்டோ தானாகக் கிடைக்காது.

வண்டி நிறுத்தும் இடத்தில் இருந்து ஓடையோரமாக நடை. பாதை என்று சொன்னாலும் பல இடங்களில் அது உருண்டைக் கற்களின் மேல் தாவிப் போவதுதான். தரையில் பதிந்த பெரிய கல் ஆடாது. தலையளவுக் கல்தான் காலை வாரும். ஒவ்வொரு கல்லிலும் எடையை முழுவதும் போடுவதற்கு முன் குச்சியால் அழுத்திப் பார்க்க வேண்டும். ரப்பர் செருப்பு போட்டு வருபவர் பாதி வழியில் வாரறுந்து நிற்பார். பின்பட்டை உள்ள சாண்டல் அல்லது பழைய கேன்வாஸ் ஷூ நல்லது. புது ஷூவின் அடிப்பாகம் ஈரப் பாறையில் பிடிக்காது. பாசி கறுப்பாக மின்னும் இடத்தைவிட, வெளிறிப் போய்ச் சொரசொரப்பாகத் தெரியும் இடத்தில் கால் வையுங்கள்.

இனி உண்மையான ஆபத்தைச் சொல்கிறோம். இந்த மடுக்களில் ஆண்டுதோறும் உயிர் போகிறது, போகிறவர்களில் பலர் சென்னையில் இருந்து வரும் இளைஞர்கள். நீச்சல் தெரியாதவர்கள் மட்டும் அல்ல, தெரிந்தவர்களும்தான். காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பத்திலும் கடலில் நீந்திப் பழகிய ஒருவருக்கு இந்தக் குட்டை ஒரு பொருட்டாகவே தெரியாது. ஆனால் கடல்நீர் உப்பு கரைந்து கனத்திருப்பதால் உடலைத் தூக்கிக் கொடுக்கும். நன்னீர் அந்த அளவுக்குத் தூக்காது. அருவி விழும் இடத்திலோ தண்ணீரில் காற்றுக் குமிழிகள் கலந்து சோடா போல நுரைத்திருக்கும். அந்த நுரைக்குள் கை வீசினால் பிடிமானமே கிடைக்காது, மிதப்பும் குறையும். இதற்கு மேல் குளிர் வேறு. வெயிலில் இரண்டு மணி நேரம் நடந்து சூடேறிய உடம்போடு சட்டென்று குதிக்கும்போது மூச்சு முட்டி வாய் திறக்கிறது, தண்ணீர் உள்ளே போகிறது.

மடுவின் தரையையும் நினைவில் வையுங்கள். கரையோரம் முழங்கால், பிறகு இடுப்பு, பிறகு மார்பு என்று படிப்படியாக இறங்கும் குளம் இல்லை இது. பாறைத் தட்டு இடுப்பளவு ஆழத்தில் நான்கைந்து அடி சமமாகப் போகும். பிறகு சுவர் போலச் செங்குத்தாக இறங்கிவிடும். தட்டின் விளிம்பு தண்ணீருக்குள் பச்சையாகத் தெரியும், அதற்கு அப்பால் கறுப்பு. அந்தக் கறுப்புத் தொடங்கும் இடம்தான் எல்லை. நீந்தத் தெரியாதவர் அதற்கு இரண்டடி முன்னாலேயே நிற்க வேண்டும். உயரத்தில் இருந்து குதிப்பதை யாரும் செய்யக்கூடாது, அடியில் என்ன பாறை இருக்கிறது என்பது மேலிருந்து தெரியாது.

பத்துப் பேர் போனால் 15 மீட்டர் நைலான் கயிறும், மூடி இறுக்கமான 5 லிட்டர் காலி கேன் ஒன்றும் எடுத்துப் போங்கள். கேனின் பிடியில் கயிற்றைக் கட்டிவிட்டால் உயிர்மிதவை தயார். ஒருவர் தத்தளித்தால் கேனை அவருக்கு அப்பால் வீசிக் கயிற்றை அவர் கைமேல் விழும்படி இழுக்க வேண்டும். காப்பாற்றக் குதிப்பவரையும் சேர்த்து மூழ்கடிப்பது, தத்தளிப்பவரின் பிடி. ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் போவது இப்படித்தான். மது அருந்தியவரைத் தண்ணீர்ப் பக்கமே விடக்கூடாது, இதில் நட்பு பார்க்க வேண்டாம்.

ஓடை பெருகும் அறிகுறியையும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை பெய்துகொண்டிருக்கலாம். தெளிந்த தண்ணீர் திடீரெனச் செம்மண் நிறம் காட்டினால், சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினால், சலசலப்பு இரைச்சலாக மாறினால், பையை எடுக்கக்கூட நிற்காமல் மேட்டுக் கரைக்கு ஏறிவிட வேண்டும். ஓடைக்கு எந்தக் கரையில் ஏறுவது என்றால், வண்டி இருக்கும் கரையில். எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டால் தண்ணீர் வடியும் வரை அங்கேயேதான்.

திரும்பும் நேரம் மதியம் ஒன்றரை. நவம்பர், டிசம்பரில் ஐந்தே முக்காலுக்கு முன்னும் பின்னுமாகச் சூரியன் மறைகிறது என்றாலும், பள்ளத்தாக்கில் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே இருட்டு கட்டும். வனத்துறை எதுவரை விடுகிறதோ அதுவரைதான் போக வேண்டும். மேல்மடுக்களுக்கு வழிகாட்டுகிறேன் என்று யாராவது பக்கவழியாக அழைத்தால் மறுத்துவிடுங்கள்.

கைலாசகோனா: ஆயாவையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு

வீட்டில் அறுபது தாண்டியவர்களும் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கைலாசகோனாதான். காரனோடை தாண்டி ஜனப்பன்சத்திரம் கூட்டுச்சாலையில் இடதுபுறம் திரும்பி, பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, சுருட்டப்பள்ளி, நாகலாபுரம், பிச்சாட்டூர் என்று புத்தூர் சாலையிலேயே போனால் நாராயணவனத்துக்கு முன்னால் மலைப்பக்கம் பிரியும். மொத்தம் 80 கிலோமீட்டர் அளவுதான். தூரத்தில் தடாவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, உழைப்பில்தான் வித்தியாசம். இங்கே வண்டியை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் அருவி. உயரம் சுமார் 40 அடி. குகைக்குள் சிவன் பார்வதி சந்நிதி. ஆண்டு முழுவதும் தண்ணீர் விழும் என்று பெயரெடுத்த அருவி, கோடையில் மெலிந்து போனாலும் நின்றுவிடாது. அதனால் ஏப்ரல், மே விடுமுறையில் நம் பக்கத்தில் பிள்ளைகளை நனைக்கக் கூட்டிப்போக இது ஒன்றுதான் நம்பகமான இடம்.

குறை என்றால் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மேல் அருவியடியில் தோளோடு தோள் இடிக்கும், ஷாம்பு பாக்கெட்டுகள் காலில் மிதிபடும். எட்டு மணிக்குள் குளித்து முடித்துவிட வேண்டும் என்று கணக்கு வைத்துக் கிளம்புங்கள். அருவி நேராகத் தலையில் விழும் இடத்தில் சிறு பிள்ளைகளை நிறுத்தாதீர்கள். மழைக்காலத்தில் சிறு கற்களும் சேர்ந்து விழும். பக்கவாட்டில் பாறையில் வழிந்து வரும் தண்ணீரே அவர்களுக்குப் போதும்.

இந்தப் பாதைக்கு என்று இரண்டு நாட்காட்டிக் கணக்குகள் உண்டு. ஆடி மாதம் தொடங்கிப் பல வாரங்களுக்கு ஞாயிறுதோறும் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்கு வடசென்னையே திரண்டு போகும். அந்த ஞாயிறுகளில் ஜனப்பன்சத்திரத்தில் இருந்தே வண்டி ஊரும். தச்சூர் கூட்டுச்சாலை வழியாகச் சுற்றிப் போவதே மேல். இரண்டாவது, பிரதோஷ மாலைகளில் சுருட்டப்பள்ளி பள்ளிகொண்டேசுவரர் கோயில் முன் கூட்டம். சிவன் படுத்த கோலத்தில் இருக்கும் கோயில் என்பதால் தமிழ்நாட்டில் இருந்தே பெருங்கூட்டம் வரும். தரிசனமும் வேண்டும் என்றால் சரி, அருவி மட்டும் போதும் என்றால் பிரதோஷ நாளில் நான்கு மணிக்கு முன் அந்த இடத்தைக் கடந்து வந்துவிடுங்கள். சாதாரண நாளில் திரும்பும் வழியில் நாகலாபுரத்து வேதநாராயணர் கோயிலையும் பார்க்கலாம், மச்ச அவதாரத் திருமேனி. கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாம்பா பெயரில் அமைத்த ஊர் என்பார்கள்.

நாகலாபுரம் மலைக்குள்ளும் மடுக்கள் உண்டு, மலையேற்றக் குழுக்கள் நாடும் இடம். குடும்பத்தோடு போகும் பயணத்துக்கு அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தக் காட்டுக்குள் நுழையவும் கூடாது.

தலகோனா: ஒரு இரவு தங்க முடிந்தால்

ஆந்திரத்திலேயே மிக உயரமான அருவி, 270 அடி. ஸ்ரீவெங்கடேசுவரா தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. திருப்பதியில் இருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், மாதவரத்தில் இருந்து 200 கிலோமீட்டர் அளவு. போக ஐந்து மணி நேரம், வர ஐந்து மணி நேரம். இதை ஒரே நாளில் முடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஓட்டுநர் ஒருவர்தான் என்றால் அது நல்ல யோசனை இல்லை. சந்திரகிரி தாண்டிப் பாக்கராபேட்டை மலைப்பாதையில் வளைவுகள் அதிகம், களைத்துப்போன ஓட்டுநர் இருட்டில் இறங்க வேண்டிய இடம் அல்ல அது. ஆந்திர சுற்றுலாத் துறை விடுதி அங்கேயே இருக்கிறது. வார இறுதிக்கு முன்கூட்டியே அறை போட்டுவிட்டால் சனிக்கிழமை காலை கிளம்பி, வழியில் சந்திரகிரிக் கோட்டையைப் பார்த்து, மாலை சித்தேசுவரர் கோயில், மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆளில்லா அருவி என்று நிதானமாக முடிக்கலாம். புரட்டாசி சனிக்கிழமைகளையும் திருமலை பிரம்மோற்சவ நாட்களையும் தவிர்த்துவிடுங்கள். திருப்பதியைச் சுற்றி எந்தச் சாலையும் நகராது.

மூன்று இடங்களில் காடு காடாக இருப்பது இங்கேதான். அருவிக்குப் போகும் படிகளின் இருபக்கமும் ஆள் பருமனுக்கு முறுக்கிக்கொண்டு மரத்துக்கு மரம் தாவிப் போகும் பெருங்கொடிகளை நின்று பாருங்கள். அரிவாள் போல நீண்ட அதன் காய் கை நீளத்துக்குத் தொங்கும். மலை அணில் உண்டு, தேவாங்கு உண்டு. மர உச்சிகளுக்கு இடையே 240 மீட்டர் நீளத்துக்குக் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள், திறந்திருந்தால் விடாதீர்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். இது செம்மரக் காடு. கடத்தலைத் தடுக்கத் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகளை நிறுத்திக் கேட்பது வழக்கம். வண்டியில் வரும் ஒவ்வொருவரும் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்குவதோ, இரவில் சுற்றுவதோ எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

மற்றவை

ஜூலை முதல் செப்டம்பருக்குள்தான் விடுமுறை கிடைக்கும் என்பவர்களுக்கு மேலே சொன்ன மூன்றில் கைலாசகோனா மட்டுமே தேறும். இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால் ஒகேனக்கல் போகலாம், பரிசலும் மீன் வறுவலுமாக அது வேறு சுகம். ஆனால் கிளம்பும் நாள் காலைச் செய்தியில், மாநில எல்லையில் காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து என்ன என்று பார்த்துவிட்டு வண்டி எடுங்கள். வரத்து கூடினால் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போட்டுவிடுவார்கள். ஜவ்வாதுமலை பீமன் அருவி மழையை நம்பி இருப்பது, அதற்காக மட்டும் ஜமுனாமரத்தூர் வரை போவது பலனில்லை.

வெந்நீர் ஊற்றுக்கும் சேர்த்துப் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பீறிட்டு அடிக்கும் ஊற்று வேண்டும் என்றால் நிலத்தடியில் எரிமலை வெப்பம், அதற்கு மேல் தேங்கிய தண்ணீர், குறுகலான குழாய் போன்ற பிளவு என்று மூன்றும் ஒன்றாக அமைய வேண்டும். நம் பக்கத்து மலைகளில் அந்த வெப்பமே இல்லை. ஐஸ்லாந்தில் ஸ்ட்ரோக்கர் ஊற்று ஆறு முதல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 15, 20 மீட்டர் எழும்புகிறது. அதன் பக்கத்தில் இருக்கும் கெய்சிர் ஊற்றின் பெயரைத்தான் நம் குளியலறை கீசர் சுமக்கிறது. நாட்டுக்குள் என்றால் லடாக்கின் புகா, இமாச்சலின் மணிகரண் வரை போக வேண்டும். தெற்கில் பெந்துரு தீர்த்தம் என்று மிதமான வெந்நீர் ஊற்று ஒன்று உண்டு. அது புத்தூர் அருகே என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், அந்தப் புத்தூர் கர்நாடகத்தின் தென் கன்னட மாவட்டத்தில் இருக்கிறது. கைலாசகோனா பக்கத்துப் புத்தூர் வேறு.

வண்டி, டீசல், சாப்பாடு

மஞ்சள் பலகை வேன் பேசினால் ஆந்திர பர்மிட், வரி யார் பொறுப்பு என்று முன்பணம் கொடுக்கும்போதே கேட்டு முடித்துவிடுங்கள். அகில இந்திய பர்மிட் உள்ள வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஓன் போர்டு (சொந்த உபயோகத்துக்குப் பதிவான) வண்டியை வாடகைக்கு எடுப்பது செக்போஸ்ட்டில் அபராதத்தோடு முடிந்தால் நல்ல காலம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிடைக்காது. ஆந்திரத்தில் பெட்ரோல், டீசல் நம்மைவிட விலை கூடுதல். தடாவுக்குக் கும்மிடிப்பூண்டியிலும், கைலாசகோனாவுக்கு ஊத்துக்கோட்டையிலும் நிரப்பிக்கொள்ளுங்கள். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் ஓடும் வேனுக்குப் போக வர 16 லிட்டர், சுற்றலுக்கு இன்னும் இரண்டு. தலகோனாவுக்கு 42 லிட்டர் கணக்குப் போட்டு அரை டேங்கைத் தமிழ்நாட்டிலேயே அடைத்துவிடலாம்.

சோறு கட்டிப்போவதுதான் சிறந்தது. ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்கு வரும். புளிசாதம் மாலை வரை தாங்கும். தயிர்சாதத்தைத் தயிர் ஊற்றிப் பிசைந்தால் மதியத்துக்குள் புளிக்கும். பாலில் பிசைந்து இரண்டு கரண்டி தயிர் மட்டும் கலந்தால் பன்னிரண்டு மணிக்குப் பதமாக இருக்கும். தேங்காய்ச் சட்னி வேண்டாம், ஊறுகாய் போதும். தண்ணீர் தடாவுக்கு ஆளுக்கு 3 லிட்டர், மற்ற இடங்களுக்கு ஒன்றரை. பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்து நடந்தால் குரங்கு பறித்துவிடும். துணிப்பைக்குள் தூக்குவாளியாக வைத்துத் தோளில் மாட்டுங்கள்.

கனமழைக்குப் பிறகு தடா கேட்டை மூடிவிட்டார்கள் என்றால் ஊர்ப்பாதையாக நுழையப் பார்க்காதீர்கள். தடாவுக்கே திரும்பி வந்து வடக்கே சூலூர்பேட்டைக்கு வண்டியை விடுங்கள். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா சாலையில் பழவேற்காடு ஏரியைக் குறுக்கே கடக்கும்போது இருபக்கமும் பூநாரைகள் மேயும். நெடுஞ்சாலையிலேயே வடக்கே 20 கிலோமீட்டர் போனால் நேலப்பட்டு சரணாலயத்தில் கூழைக்கடாக்கள் மரம் முழுக்கக் கூடு கட்டியிருக்கும். அருவியை மூட வைக்கும் அதே மழைக்காலம்தான் அந்தப் பறவைகளுக்கும் பருவம். கட்டிய புளிசாதத்தை அங்கே பிரிக்கலாம்.